சுண்டாத காசு

என் தம்பி ஃபின்டன் டார்டிஸ் அயர்லாந்துக்காக ஆடிய கிரிக்கெட் வீரன். இதை நான் சொல்லும்போதெல்லாம் எங்கள் ஊர் பாலிரோனில் யாராவது ஒருவர் தொண்டையைக் கனைப்பார். பெரும்பாலும் அது மலாக்கி ராடிகனாகத்தான் இருக்கும். கனைத்துவிட்டு, "ஆடினான்னு சொல்ல முடியாது அஸம்ப்டா" என்பார். அப்போது நான் அவர் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். எங்கள் கிளப்பில் தேநீர் என் பொறுப்பு. அந்த அதிகாரத்தை அளவோடுதான் பயன்படுத்துகிறேன்.

நாங்கள் டப்ளினுக்கு வடக்கே, கடலைப் பார்த்த நிலத்தில் முட்டைக்கோஸ் போடுகிறவர்கள். வாரமெல்லாம் நிலம், ஞாயிற்றுக்கிழமை பூசை, பூசை முடிந்த கையோடு கிரிக்கெட். நாட்டின் மற்ற பக்கங்களில் இதை ஆங்கிலேயன் விட்டுப்போன ஆட்டம் என்று முகம் சுளிப்பார்கள். அவன் விட்டுப்போனதில் ரயில் பாதையும்தான் இருக்கிறது. அதில் ஏறமாட்டேன் என்று யாரும் அடம்பிடித்து நான் பார்த்ததில்லை.

ஃபின்டன் போடுவது மெதுவான சுழற்பந்து. காய்ந்த மண்ணில்தான் அது திரும்பும். காய்ந்த மண்ணே இல்லாத நாட்டில் பிறந்து அந்த வித்தையைத் தேர்ந்தெடுத்தது அவன் சாமர்த்தியம். எங்கள் ஆடுகளங்கள் ஆகஸ்டிலும் சதசதவென்று இருக்கும். அவன் பந்து விழுந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு நேராகப் போய்விடும். ஆனாலும் அந்த விரல்களில் ஏதோ இருக்கிறது என்று தேர்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வருஷா வருஷம் அவனைப் பன்னிரண்டாவது ஆளாகக் கூட்டிப் போவார்கள். யாருக்காவது அடிபட்டால் ஃபீல்டிங் செய்யலாம், இல்லாவிட்டால் தண்ணீர் கொண்டு போகலாம். அந்தக் காலத்தில் அயர்லாந்து அணி இரும்பால் செய்தது போலிருந்தது. என் தம்பி ஆம்ஸ்டர்டாமில் தண்ணீர் தூக்கினான், நைரோபியில் தூக்கினான், எடின்பரோவில் தூக்கினான். அங்கெல்லாம் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், "வெயிலாத்தான் இருந்துச்சுக்கா, பந்து திரும்பியிருக்கும்" என்பான்.

முதல் தடவை அவன் பெயர் செய்தித்தாளில் வந்த அன்று எங்கள் அப்பா கிளப்பின் மதுக்கூடச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். அயர்லாந்துக்கு ஆடிய எங்கள் ஊர்க்காரர்களின் தொப்பிகள் அந்தச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். கடைசிச் சட்டம் மலாக்கி ராடிகனுடையது. அவர் ஒரே ஓர் ஆட்டம் ஆடி, ரன் எடுக்காமல் அவுட் ஆகி வந்தவர். ஆனாலும் ஆடியவர். அதற்குப் பக்கத்தில் அப்பாவின் ஆணி. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, ராடிகன் அதில் தன் மழைக்கோட்டை மாட்ட ஆரம்பித்தார். கிளப் தலைவர் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் கேட்டேன்.

"சும்மா இருக்கற ஆணிதானே, அஸம்ப்டா?" என்றார்.

நான் சொல்ல வரும் அந்தக் கோடையில் மட்டும் அவர் கோட்டு வெகுநாள் வீட்டிலேயே கிடந்தது.

மே மாதத்தில் நின்ற மழை ஜூனில் வரவில்லை, ஜூலையிலும் வரவில்லை. முதலில் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டு, "என்னா வெயிலு, என்னா வெயிலு" என்று ஆனந்தப்பட்டார்கள். பிறகு புல் பழுப்பானது. கோஸ் இலைகள் நுனியிலிருந்து காகிதம் போலச் சுருண்டன. தோட்டக் குழாயைத் திறக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை நான் வாளியில் எடுத்துப்போய் வீட்டை ஒட்டிய வரிசைகளுக்கு ஊற்றுவேன். வலது முழங்காலில் எனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.

நிலம் வெடிக்க வெடிக்க, என் தம்பியின் பந்து திரும்ப ஆரம்பித்தது. சும்மா இல்லை, வெளியே போகிறதென்று மட்டையைத் தூக்கினவன் கால் நடுவே புகுந்து ஸ்டம்பைச் சாய்த்தது. பக்கத்து ஊர் அணிகளெல்லாம் அவனிடம் தடுக்கி விழுந்தன. ஒரு தேர்வாளர் வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கு தோலுரியும்வரை பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே அயர்லாந்தின் வழக்கமான சுழற்பந்துக்காரன் தன் விரலைத் தானே கார் கதவில் வைத்து நசுக்கிக்கொண்டான். ஃபின்டன் களை கொத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. சனிக்கிழமை ஸ்காட்லாந்துடன் ஒருநாள் ஆட்டம், அதுவும் எங்கள் ஊர் மைதானத்தில். தண்ணீர் தூக்க அல்ல. ஆட.

பேசி முடித்து, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் ஓடிப்போய், "என்னடா, யாரு செத்தாங்க?" என்றேன். விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போது அவன் கை கோஸ் இலையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தது. வயதில் நாற்பதைத் தொடப் போகிறவன். இனி ஒரு தடவை கூப்பிடமாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதே வாரம்தான் விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து ஃபாதர் கோனாட்டியிடம் போய் மழைக்காக ஒரு பூசை வைக்கச் சொன்னார்கள். கோவில் நிரம்பி வழிந்தது. ஈஸ்டருக்குக்கூட வராதவர்கள் முன் வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். ஃபின்டனும் நானும் பின்னால் முழங்காலிட்டிருந்தோம்.

"என்னடா வேண்டிக்கிட்ட?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை மழை பெய்யட்டும்னு."

"சாமிக்கு நாள் குறிச்சுக் குடுக்கறியா நீ?"

"ஒரு நாள்தானேக்கா கேட்டேன்" என்றான்.

வானிலை அறிக்கை சனிக்கிழமை என்றது. 'வரலாம், வராமலும் போகலாம்' என்று அவர்கள் பாணியில் சொன்னார்கள். எனக்கு அது போதும். எங்கள் பக்கத்தில் மழையை நிறுத்த ஒரு வழி இருக்கிறது. பிராக் நகரத்துக் குழந்தை இயேசு சிலையை எடுத்து, முதல் நாளே வெளியே வேலிப் புதரடியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் மழை வராது. கல்யாணம் நடக்கும் எந்த வீட்டிலும் பெண்ணின் அம்மா இதைச் செய்யாமல் தூங்கமாட்டாள். படித்தவர்கள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். சிலையின் தலை உடைந்திருந்தால் சக்தி அதிகம் என்பார்கள். நாமே உடைத்தால் செல்லாது, தானாக விழ வேண்டும். எங்கள் வீட்டுச் சிலைக்குத் தலை நன்றாக இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் சிலையைத் தூக்கிப்போய்ச் சாலையோர வேலியில், முள்ளுக்குள் மறைவாக வைத்தேன். மறைவாகத்தான் வைத்தேன். ஆனால் ராடிகனின் நாய்க்கு மரியாதை தெரியாது. சாயங்காலம் அவர் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"வேலியில இருக்கறது உங்க வீட்டுச் சிலைதானே?"

"எது?"

"நடிக்காத அஸம்ப்டா. ஊரே மழை வேணும்னு முழங்கால் தேய மன்றாடுது. ஃபாதர் தொண்டை கட்டிப் போய்க் கிடக்கார். நீ மழைய நிறுத்தப் பாக்கறியா?"

"காத்தாட வெச்சேன். உள்ள ஒரே புழுக்கமா இருக்குன்னு."

"சிலைக்குப் புழுக்கமா?"

"கம்பளி அங்கி போட்டிருக்கு, பாக்கலையா நீங்க?"

"என் வயல்ல எல்லாம் கருகிட்டு இருக்கு. உன் வயல்லயும்தான் கருகுது, பொம்பள! ஒரு ஆட்டத்துக்காக ஊர் வயித்துல அடிக்கறியே!"

"நீங்க ஒரு ஆட்டம் ஆடினதத்தான் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கீங்க. அப்ப யார் வயித்துல அடிச்சீங்க?"

ஃபின்டன் மேசையில் உட்கார்ந்து ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். காது மடல்கள் சிவந்து போயிருந்தன. "ரெண்டு பேரும் நிறுத்துங்க. அது சுண்ணாம்புப் பொம்ம" என்றான்.

"பொம்மன்னா உள்ள எடுத்துடு" என்றார் ராடிகன்.

"பொம்மன்னா வெளிய இருந்தா உங்களுக்கு என்ன?" என்றேன் நான்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். போகும்போது, "தல உடையாத சிலைக்கு ஒரு சக்தியும் கெடையாது, தெரிஞ்சுக்க" என்று கத்தினார். அதன் பிறகு நான் வழக்கம்போல வாளியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். ஒரு கையால் மழையை நிறுத்திவிட்டு மறு கையால் தண்ணீர் ஊற்றுவது எனக்கு முரணாகத் தெரியவில்லை. கோஸ் அடுத்த வருஷமும் போடலாம். ஃபின்டனை அடுத்த வருஷம் யார் போடுவார்கள்?

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் வேலியைப் போய்ப் பார்த்தேன். சிலை இல்லை. புல் மட்டும் சிலை இருந்த அளவுக்கு வட்டமாகப் படுத்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ராடிகன் வீட்டுக்கு நேராகப் போயிருப்பேன். ஆனால் சாண்ட்விச்சுகளுக்கு முட்டை அவிக்க வேண்டியிருந்தது.

மைதானத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. கூடாரம் போட்டிருந்தார்கள். கொடி கட்டியிருந்தார்கள். பழுப்பு நிறத்தில் ஆடுகளம் சுட்ட ரொட்டி போல வெடித்திருந்தது. அதைப் பார்த்து ஸ்காட்லாந்து மட்டையாளர்கள் முகத்தில் ஈயாடவில்லை. வானம் வெளுத்துத்தான் இருந்தது. மேற்கே மட்டும், மீத் மாவட்டப் பக்கத்தில், ஒரு சாம்பல் கோடு.

தேநீர்க் கூடத்துக்குள் நுழையும்போது ராடிகன் எதிரே வந்தார். தலைவர் பட்டையெல்லாம் போட்டிருந்தார்.

"திருட்டுப் பயலே!" என்றேன்.

இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கூட வேலை செய்கிற டிம்ப்னா, ஹாம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாகக் கை கட்டி நின்றாள்.

"என்ன சொன்ன?"

"குழந்தை இயேசுவத் திருடினவன்னு சொன்னேன். சத்தமா சொல்லணுமா?"

"நான் தொடக்கூட இல்ல!"

"உங்க நாய் எடுத்துச்சா?"

"அஸம்ப்டா, எங்க அம்மா கல்லறை மேல சத்தியமா…"

"உங்கம்மா நல்லவங்க. அவங்கள இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முட்டையை மசிக்கப் போனேன். அன்று முட்டை நன்றாக மசிந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் தொப்பி கொடுக்கும் சடங்கு. அணி வட்டமாக நிற்கும். பயிற்சியாளர் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் புது வீரன் தலையில் தொப்பியை வைப்பார். நாங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றோம். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கரும்பச்சைத் தொப்பி. பின்பக்கம் அவன் எண் தைத்திருந்தார்கள். அயர்லாந்துக்கு ஆடிய முதல் ஆளிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, என் தம்பிக்கு அவன் முறை. தலையில் வைத்ததும் ஃபின்டன் நேராக எங்களைத் தேடினான். நான் கையை ஆட்டினேன். அப்பா இருந்திருந்தால் என்று நினைத்தேன். டிம்ப்னா என் முதுகில் தட்டினாள். அவள் கையெல்லாம் வெண்ணெய்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிறகு பாலிரோனில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த விதி அது. தொப்பி கொடுத்துவிட்டால் மட்டும் ஒருவன் நாட்டுக்காக ஆடியவன் ஆகிவிட முடியாது. டாஸ் போட்டாக வேண்டும். காசைச் சுண்டிவிட்டார்களானால், அதன் பிறகு ஒரு பந்துகூட வீசாமல் இடி விழுந்து மைதானமே எரிந்து போனாலும், ஆட்டம் நடந்ததாகக் கணக்கு. பதினோரு பேரும் ஆடியவர்கள். காசு மேலே போகவில்லை என்றால் ஆட்டமே இல்லை. வந்தவர்கள் எல்லாம் பிக்னிக் வந்தவர்கள்.

இரண்டு கேப்டன்களும் ஆட்ட நடுவருடன் படியிறங்கினார்கள். நடுவர் கையில் காசு. அந்தச் சாம்பல் கோடு இப்போது தலைக்கு மேல் வந்திருந்தது. பாதி வழி போனார்கள். என் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது.

ஒரு சொட்டுதான். பிறகு இரண்டு. பிறகு யாரோ மேலே வாளியைக் கவிழ்த்தது போல.

நடுவர் நின்றார். எங்கள் கேப்டன் ரோரிக்கு ஃபின்டனின் பாதி வயது. ஆனால் பையனுக்கு மூளை இருந்தது, மனசும் இருந்தது. "சார், போட்டுடலாம் சார். நனைஞ்சா நனையறோம்" என்றான். நாங்கள் கயிற்றோரம் நின்றதால் எல்லாம் கேட்டது.

"அம்பயருங்க மைதானத்தப் பாத்து, ஆடலாம்னு சொன்னப்புறம்தான் டாஸ்" என்றார் அவர்.

"இப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடி ஆடலாம்னுதானே இருந்துச்சு?"

"இப்ப இல்லையே."

ஸ்காட்லாந்து கேப்டன் விஷயம் புரிந்தவன். "எனக்கு ஆட்சேபணை இல்ல. தலன்னு சொல்றேன். சுண்டுங்க" என்றான். நல்ல வீட்டுப் பிள்ளை. நடுவர் காசைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அவரும் கெட்டவர் இல்லை, விதி தெரிந்தவர், அவ்வளவுதான். காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் தம்பியின் சர்வதேச வாழ்க்கை அந்தப் பைக்குள் போய் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அதே நேரம் என் பின்னால் ஒரு சத்தம் எழுந்தது. ஃபின்டனுக்காக வந்த கூட்டம் மொத்தமும் ஆரவாரம் செய்துகொண்டிருந்தது. மழைக்கு. மூன்று மாதமாக வானத்தைப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள், கூடாரத்தை விட்டு வெளியே ஓடி, கையை விரித்துக்கொண்டு நனைந்தார்கள். ஃபாதர் கோனாட்டி தொப்பியைக் கழற்றிவிட்டு, நான்தான் செய்தேன் என்பது போல நாலா பக்கமும் தலையசைத்தார். ராடிகன் புல்லில் ஆடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஆடினார். உடைமாற்றும் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் பச்சைத் தொப்பி போட்ட ஓர் உருவம் நின்று இதையெல்லாம் பார்த்தது.

நாலு மணி வரை காத்திருந்தார்கள். சாண்ட்விச்சுகள் தீர்ந்தன. ஸ்காட்லாந்துக்காரர்கள் என் ஆப்பிள் டார்ட்டை மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார்கள். பிறகு நடுவர் வந்து, ஆட்டம் கைவிடப்பட்டது என்றார். வெடிப்புகளில் தண்ணீர் நின்றது. ஃபின்டன் கூடத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"நனையாம வீட்டுக்குக் கொண்டு போயிடுக்கா" என்றான். "நான் பின்னாடி வரேன்."

பாத்திரங்களைக் கழுவிவிட்டு மதுக்கூடம் வழியாக வெளியே வந்தேன். உள்ளே கல்யாண வீடு போல இருந்தது. "கோஸ் பொழச்சுது!" என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ, "பாவம் ஃபின்டன்" என்றார்கள். எல்லோரும் ஒரு வாய் குடித்து, "பாவம்தான்" என்று ஒப்புக்கொண்டார்கள். ராடிகன் சொட்டச் சொட்ட நனைந்த தன் மழைக்கோட்டை உதறி, அப்பாவின் ஆணியில் மாட்டினார். நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"எனக்கும் வருத்தம்தான் அஸம்ப்டா. ஆனா விதி விதிதான். டாஸ் இல்லைன்னா ஆட்டம் இல்ல."

நான் தொப்பியைத் துணிக்குள் சுற்றிக்கொண்டு நடந்தேன். அன்றைக்கான திட்டெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

வீட்டில் ஃபின்டன் இல்லை. தலை துவட்டத் துண்டு எடுக்க, வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியைத் திறந்தேன். துவைத்த துணியை அங்கேதான் அடுக்குவோம். படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால், ஃபின்டனின் பழைய கிரிக்கெட் ஸ்வெட்டரில் சுற்றி, குழந்தை இயேசு இருந்தார். அடியில் ஒட்டிய மண்ணை யாரோ பக்குவமாகத் துடைத்திருந்தார்கள். தலை தனியாக ஒரு காலுறைக்குள் இருந்தது.

எங்கள் வீட்டு அலமாரி ராடிகனுக்குத் தெரியாது. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். சிலையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

அவன் வந்தபோது வெள்ளை உடை முழங்கால் வரை சேறாகியிருந்தது.

"எங்கடா போன?"

"கோஸப் பாக்க."

"எப்படி இருக்கு?"

"குடிச்சிட்டு இருக்கு" என்றான். பிறகுதான் என் மடியைப் பார்த்தான்.

"நான் உடைக்கலக்கா. வாசப்படியில இடிச்சுது. தானா விழுந்துடுச்சு."

"தானா தல விழுந்த சிலைக்குத்தான் சக்தி அதிகம், வெளிய வெச்சிருந்தா மழையே வந்திருக்காதுன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"எப்ப எடுத்த?"

"விடியறப்போ."

"ஏன்டா? ஏன்?"

கதவில் சாய்ந்துகொண்டு ஷூவைக் கழற்றினான். ஒன்றைக் கழற்றி, அதிலிருந்த தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுச் சொன்னான்: "நேத்து சாயந்திரம் நீ வாளியத் தூக்கிட்டுப் போனே. வயல் கேட் பக்கத்துல கீழ வெச்சுட்டு முட்டியப் புடிச்சுக்கிட்டு நின்னே. ரொம்ப நேரம் நின்னே. நான் டிராக்டர் ஷெட்ல இருந்தேன்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல."

"நீ இதெல்லாம் நம்பறவனே இல்லையேடா!"

"இல்லதான். நம்பாதவன் எடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எடுத்தப்போ மழை வரணும்னு நெனச்சேன். தொப்பிய வெச்சப்போ வந்துடக் கூடாதுன்னு நெனச்சேன். ரெண்டும் நெசந்தான்க்கா."

நான் அவனைத் திட்டினேன். மடையா என்றேன், உருப்படாதவனே என்றேன். திட்டிக்கொண்டே அழுதேன். துண்டை அவன் தலை மேல் எறிந்தேன். அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு அவனும் கொஞ்ச நேரம் நின்றான்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றான் துண்டுக்குள்ளிருந்து.

"ஏன், சொன்னா என்ன? ஊரே உன் கால்ல விழும்."

"அதான். ராடிகன் நன்றி சொல்ல வந்துடுவார். அதயும் நான் தாங்கணுமா?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மழை நிற்கவே இல்லை. ஆடுகளம் பச்சையானது, பந்து பழையபடி யோசித்துவிட்டு நேராகப் போனது. கார் கதவில் நசுங்கிய விரல் ஆறிவிட்டது. அடுத்த மாதம் வேறு ஒரு பையன் அயர்லாந்துக்குப் புதிதாக ஆடினான். ஃபின்டன் தொப்பியில் தைத்திருந்த அதே எண்ணை அவனுக்குக் கொடுத்தார்கள். விதிப்படி அது காலியான எண். கோஸ் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் அபாரமாக விளைந்ததால் வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. அதற்கும் ஃபாதரிடம் போய் ஒரு பூசை கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

சிலையின் தலையை நான் ஒட்டவில்லை. சமையலறை ஜன்னலில் நிற்க வைத்து, கழுத்தின் மேல் அந்தத் தொப்பியை வைத்துவிட்டேன். அளவு கொஞ்சம் பெரிது. தலை தானாக விழுந்த செய்தி பரவியதும் கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். தொப்பியை எடுத்துவிட்டுச் சிலையை மட்டும் கொடுப்பேன்.

சில வருஷம் கழித்து, இந்த வசந்தத்தில் ராடிகன் வந்தார். கடைசி மகளுக்குக் கல்யாணம். வாசலில் நின்று தன் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே சிலையைக் கேட்டார்.

"காத்தாட வெக்கறதுக்கா?" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. "இன்னும் அத மறக்கலையா நீ? அன்னிக்கு நான் சிலைய எடுக்கல அஸம்ப்டா. சத்தியமா எடுக்கல."

"தெரியும்."

"தெரியுமா? எப்பத்திலேர்ந்து?"

"அன்னிக்கு சாயந்திரத்திலேர்ந்து."

"அப்ப இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவர் வாயைத் திறந்தார். "அப்ப யாரு…" என்று ஆரம்பித்து, ஜன்னலைப் பார்த்தார். தலையில்லாத சிலை, அதன் கழுத்தில் பச்சைத் தொப்பி. ஜன்னலுக்கு அப்பால் ஃபின்டன் முதுகை வளைத்து நாற்று நட்டுக்கொண்டிருந்தான். ராடிகன் வெகுநேரம் பார்த்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, வாக்கு வாக்குதானே. தொப்பியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, சிலையைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்.

கல்யாணத்தன்று ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வைத்துக் கொட்டியது. ஆட்டம் இல்லாததால் எல்லோரும் மதுக்கூடத்தில் அடைந்து கிடந்தோம். ராடிகன் நனைந்து வந்தார், கோட்டைக் கழற்றினார். ஆணிப் பக்கம் போனவர் நின்றார். கோட்டை மடித்துத் தன் கையிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை அது அவர் கால்சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாட்டலாமே என்று யாரோ சொன்னார்கள்.

"அது ஃபின்டனோட ஆணி" என்றார்.

விதி விதிதான். அதில் தொப்பி தொங்கவில்லை, இனியும் தொங்காது. ஃபின்டன் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, அந்த வெறும் ஆணிக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தான். நான் ராடிகனுக்குத் தேநீர் ஊற்றினேன், கோப்பை நிறைய.